மீரா முகைதீன் ஒரே போர்டில் ஆறு கார்டு ஓட்டிய வரலாறு

மீரா முகைதீனுக்கு வயது நாற்பத்தேழு. அதில் பதினெட்டு வருஷத்தைச் சவூதி அரேபியாவின் தம்மாமில், முன்பின் தெரியாதவர்களின் படுக்கையறைகளைக் குளிர வைப்பதில் செலவிட்டவர். ஏசி மெக்கானிக். மகள் ஷம்ஸியாவின் கல்யாணத்தைக்கூடப் போனில்தான் பார்த்தார். அதுவும் மாப்பிள்ளை கையெழுத்துப் போடக் குனிந்த நேரம் பார்த்து நெட் சிக்கிப் படம் உறைந்துவிட, மாப்பிள்ளை இன்னும் குனிந்தே இருப்பதாகத்தான் அவர் மனத்தில் பதிந்திருக்கிறது. கொரோனா ஆண்டில் மேலப்பாளையத்துக்குத் திரும்பியவர், இனி விமானம் ஏறுவதில்லை என்று நிய்யத்து வைத்தார்.

நிய்யத்து வைப்பது சுலபம். ஊரில் இருந்து என்ன செய்வது என்பதில்தான் வரலாற்றின் முற்பகுதி கழிந்தது. காடை வளர்த்தார், காடைகள் அவர் மீது நம்பிக்கை இழந்து ஒரே வாரத்தில் மறைந்தன. கேன் தண்ணீர் போட்டார். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த தெரு, கேனில் ருசி இல்லை என்று தீர்ப்பளித்தது. களக்காட்டிலிருந்து ஏத்தங்காயை லோடு லோடாக இறக்கினார். அவர் விலை பேசி முடிப்பதற்குள் அது பழமாகி, பழத்துக்கு விலை பேசுவதற்குள் கறுத்துப்போனது.

நான்காவதாக அவர் கண்ணில் பட்டது, கணக்குப் போட்டே காசு விளைவிக்கும் தொழில். பிட்காயின் வகையைச் சேர்ந்த அந்தக் காசைக் கையால் தொட முடியாது. கம்ப்யூட்டருக்குள்ளேயே பிறந்து, கம்ப்யூட்டருக்குள்ளேயே விலை போகும். உலகம் பூராவும் இயந்திரங்கள் உட்கார்ந்து ஓயாமல் கணக்குப் போடுகின்றன. போடுகிறவர்களுக்குக் கூலியாக அந்தக் காசு சிந்துகிறது. இந்தக் கணக்கில் கெட்டி, படம் காட்டுவதற்காக உள்ளே வைத்திருக்கும் கிராபிக்ஸ் கார்டுதான். ஒரு கார்டு ஓடினால் டீச்செலவுக்கு ஆகும். ஆறு கார்டை ஒரே மதர்போர்டில் பூட்டி ஓட்டினால் ஒரு குடும்பம் நிமிர்ந்து நடக்கலாம். போனில் வீடியோ பார்த்த முகைதீன் பாயிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார்.

ஊரில் விற்றால் லாபம் வரும் என்று தம்மாமிலிருந்து வாங்கிவந்து, விற்காமல் கிடந்த மூன்று கார்டு கையில் இருந்தது. மீதி மூன்றுக்கு அவர் கண்டுபிடித்த வழியை எந்த வெளிநாட்டு வீடியோவும் சொல்லியிருக்காது. ஆடு வாரத்துக்கு விடுவது நம் பக்கத்தில் எல்லோரும் அறிந்த ஏற்பாடு. ஆடு ஒருவருடையது, மேய்ப்பவர் இன்னொருவர், குட்டியில் பாதிக்குப் பாதி. முகைதீன் கிராபிக்ஸ் கார்டை வாரத்துக்குக் கேட்டார்.

முதலில் போனது நெல்லை டவுனில் பிரவுசிங் சென்டர் வைத்து, அதைப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருந்த சிவசண்முகம் அண்ணாச்சியிடம்.

"கார்டு என்னது, கரண்டு உம்மது. வாரதுல பாதி. சரி வே, கார்டு செத்துப்போனா?"

"உடலைக் கொண்டாந்து கண்ணுல காட்டுவேன் அண்ணாச்சி."

"காட்டணும். மேய்க்கப் போனவன் தின்னுட்டு, நரி தூக்கிட்டுப் போயிட்டுன்னு சொல்லுத கதை எங்கிட்ட நடக்காது."

"கிராபிக்ஸ் கார்டை யாரு அண்ணாச்சி திங்கப் போறா?"

"அதுக்குச் சொல்லல. முறைன்னு ஒண்ணு இருக்குல்லா?"

முறை என்று வந்துவிட்டபடியால் அண்ணாச்சி இன்னொரு நிபந்தனையும் போட்டார். மதர்போர்டில் கார்டு நேராக உட்காரும் பெரிய பள்ளம் ஒன்றே ஒன்றுதான் என்று முகைதீன் வாய் தவறிச் சொல்லியிருந்தார். அந்தப் பள்ளம் தன் கார்டுக்கே வேண்டும் என்றார் அண்ணாச்சி. அவர் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் மூன்று தலைமுறையாக முதல் மரியாதை அவர் குடும்பத்துக்குத்தான். குடும்பத்துக்கு உள்ளது கார்டுக்கும் உண்டு என்பது அவர் வாதம். முகைதீன் அதற்கும் தலையாட்டினார். இரண்டு கார்டு கிடைத்தது.

ஆறாவது கார்டு பாளையங்கோட்டை நேசையாவிடமிருந்து வந்தது. ஓய்வுபெற்ற சர்வேயர். மகன் ஜாஸ்பர் விளையாட வாங்கிய கார்டு, மகன் பெங்களூர் போனபின் அலமாரியில் பைபிளுக்குப் பக்கத்தில் சும்மா இருந்தது. கொடுப்பதற்கு முன் சர்வேயர் ஸ்கேலை எடுத்து அதன் நீள அகலம் அளந்து குறித்துக்கொண்டார். கார்டு சுருங்காது என்று முகைதீன் சொன்னதற்கு, "நிலமே சுருங்குது வே" என்றார்.

மாடி அறையில் திருப்பணி தொடங்கியது. முதல் பள்ளத்தில் அண்ணாச்சியின் கார்டு ராஜா மாதிரி உட்கார்ந்தது. மற்ற ஐந்தும் உட்காரப் போர்டில் சின்னச் சின்னப் பள்ளங்களே இருந்தன. அதனால் ஒவ்வொரு கார்டையும் ரைஸர் என்ற சிறு பலகையில் ஏற்றி, அங்கிருந்து சின்னப் பள்ளத்துக்கு ஒரு வயர் இழுத்து, பலகைக்குத் தனியாகக் கரண்டும் கொடுக்க வேண்டியிருந்தது. போர்டின் அமைப்பில் ஏதோ ஒரு வரியை மாற்றாவிட்டால் நாலு கார்டுக்கு மேல் அது கண்ணெடுத்தும் பார்க்காது. அந்த ஒரு வரியைத் தேடவே மூன்று நாள் போயிற்று. கடைசியில் கார்டுகளை வரிசையாக நிறுத்த ஒரு சட்டம் வேண்டும். அதற்கு மனைவி மைதீன் பாத்திமாவின் எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டைவிடப் பொருத்தமானது பூமியில் இல்லை. பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிக் கம்பிகளில் சுற்றினார். ஒவ்வொரு கார்டிலும் பிளாஸ்திரி ஒட்டி உரியவர் பெயரை எழுதினார்.

"தட்டையெல்லாம் எங்கன வைக்க?" என்றாள் பாத்திமா, மடியில் பீடித் தட்டோடு.

"கொஞ்ச நாளைக்குக் கொடியில தொங்கவிடு."

"தட்டையா?"

"பாத்திமா, சோறு போடப் போறதே இதுதான். தட்டைப் பத்திப் பேசுதியே."

பாத்திமா பீடி சுற்றுவதை நிறுத்தவில்லை. அவள் பேசாமலிருந்தால் விஷயம் முடியவில்லை என்று அர்த்தம். இருபத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில், அதிலும் ஊரில் இருந்த ஏழு வருஷத்தில், முகைதீன் கற்றுக்கொண்ட பாடம் அது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, தம்மாமிலிருந்து பாத்திமாவின் தம்பி இர்ஷாத் கூப்பிட்டான்.

"லாத்தா, மச்சானுக்குப் பழைய கம்பெனிலயே விசா வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்கு டிராவல்ஸ்ல இருந்து தாஜ் முகம்மது வருவாரு. பாஸ்போர்ட்டைக் குடுத்துருங்க. இதை விட்டா இனி எப்பவோ."

முகைதீனுக்கு எட்டுக் கட்டில் போட்ட அந்த அறையும், மேல்கட்டிலில் படுத்தால் மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நிற்கும் கூரையும் ஞாபகத்துக்கு வந்தன. பாத்திமா போனை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நீதிபதி போலக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"இங்க பாருங்க. போங்கன்னு நான் சொல்லல. போவாதியன்னும் சொல்லல. ஆறும் ஒண்ணா ஓடும், ஒண்ணா ஓடும்னு ஒரு மாசமா சொல்லுதிய. ஒரு அஸர்ல இருந்து மறு அஸர் வரைக்கும் நிக்காம ஓட்டிக் காட்டுங்க. ஓடிட்டா வீட்டுலயே இருங்க. நின்னுட்டா, பாஸ்போர்ட்டை நானே எடுத்துத் தாரேன்."

"அஞ்சு ஓடி ஒண்ணு மட்டும் நின்னா?"

"ஆறுன்னா ஆறு."

மறுநாள் புதன்கிழமை, பிஸ்மி சொல்லி ஆறையும் ஒன்றாகப் போட்டார். ஐந்து நிமிஷம் அறை முழுக்க விசிறி இரைந்தது. ஆறாவது நிமிஷம் திரையில், நாலாம் நம்பர் கார்டில் கோளாறு என்று வந்தது, எல்லாமே அணைந்தது.

முகைதீன் கார்டுகளை எண்ணினார். தம்மாமில் அவர் திறந்து மூடிய ஸ்விட்ச் பெட்டிகளில் எண்கள் வலது கோடியில்தான் தொடங்கும். அரபி எழுத்து ஓடும் திசை அது. பதினெட்டு வருஷப் பழக்கத்தில், வரிசையாக எது இருந்தாலும் வலது கோடியில் விரல் வைத்தே எண்ணுவார். வீட்டில் இட்லியைக்கூட அப்படித்தான். இட்லியில் அதனால் பாதகம் ஒன்றும் நேர்ந்ததில்லை.

விரல் நேசையாவின் பிளாஸ்திரியில் போய் நின்றது. கழற்றினார். போன் போட்டார்.

"சர்வேயர் சார், மனசைத் திடப்படுத்திக்கிடுங்க. உங்க கார்டு மௌத்தாயிட்டு."

"எப்ப வே?"

"இப்பத்தான், மத்தியான லுஹருக்கு முந்தி."

"நான் வந்து பாக்காம எதையும் எடுத்துப் போட்டுராதீரும்."

மீதி ஐந்தைப் போட்டால் இப்போது மூன்றாம் நம்பரில் கோளாறு. வலமிருந்து மூன்றாவது, அண்ணாச்சியின் இரண்டாவது கார்டு. அதையும் கழற்றித் துக்கச் சேதி சொன்னார். மீதி நாலைப் போட்டால் இரண்டாம் நம்பரில் கோளாறு. விரல் வைத்துப் பார்த்தார். அவருடையதே. தம்மாமில் பெட்டி பிரிக்காமல் வாங்கி, சட்டைகளுக்கு நடுவே சுருட்டி, நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தது. அது கெட்டிருக்க வழியே இல்லை. ஆக, கெட்டது கம்ப்யூட்டரின் புத்தி என்று முடிவு செய்து, வியாழன் வெள்ளி இரண்டு நாளும் புத்தியைத் திருத்துவதில் போக்கினார். அது திருந்துவதாக இல்லை.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் உரியவர்கள் இருவரும் வந்து சேர்ந்தார்கள். கழற்றிய இரண்டு கார்டும் பாயில், வெள்ளைத் துண்டின் மேல் கிடத்தப்பட்டிருந்தன. அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"நல்லா இருந்த கார்டு வே. பத்து வயசுப் பயலுக எத்தனை பேரு இதுல கார் ஓட்டியிருப்பானுவ! நாலு நாள்ல கொன்னுட்டீரே!"

"உங்க பெரிய கார்டு நல்லா ஓடுது அண்ணாச்சி."

"அது ஓடும். அது இருக்குத இடம் அப்படி."

நேசையா துண்டைப் பார்க்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார், ஸ்டாண்டைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"முகைதீன், எந்தக் கோடியில இருந்து எண்ணினீரு?"

"இங்கன இருந்துதான்," என்று முகைதீன் வலது கோடியைத் தொட்டார். வேறு எங்கிருந்து எண்ணுவார்கள் என்று அவருக்கு ஆச்சரியம்.

"முப்பத்தோரு வருஷ சர்வீசுல, சீவலப்பேரியில ஒரே வயலை மூணு தடவை அளந்திருக்கேன் வே. அண்ணனும் தம்பியும் வெட்டுக்குத்து வரைக்கும் போயிட்டானுவ. வயல்ல ஒரு குத்தமும் இல்ல. ஒருத்தன் ஆத்தங்கரையில இருந்து அளந்தான், இன்னொருத்தன் ரோட்டுல இருந்து அளந்தான்." காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் பென்சிலால் ஆறு கோடு போட்டார். "வயர் போற வரிசையைப் பாரும். மிஷின் இடது கோடியில இருந்து எண்ணுது. அதுவும் ஒண்ணுன்னு தொடங்கல. திரையில மொத வரி என்ன போட்டிருக்கு?"

"சைபர்."

"எண்ணும்."

"சைபர், ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." முகைதீனின் குரல் நாலில் இறங்கியது. பென்சில் ஐந்தாவது கோட்டில் நின்றது.

"புதங்கிழமை மொத மொதல்ல அது சொன்ன கார்டு இதுதான். அதை விட்டுட்டு ரெண்டு நல்ல கார்டைக் கழத்தியிருக்கீரு. யாருது இது?"

அண்ணாச்சி ஸ்டாண்டுக்கு அருகில் போய்ப் பிளாஸ்திரியை உரக்க வாசித்தார். "மீரா முகைதீன்!" கோயில் ஏலத்தில் பெயர் கூப்பிடுகிற தொனி.

கார்டைத் தூக்கினார்கள். கார்டுக்கு ஒன்றும் இல்லை. அதன் அடியிலிருந்த பலகைக்குக் கரண்டு போகும் பிளக், பாதி செருகி, பாதி வெளியே நின்றது. கொஞ்சம் அதிர்ந்தால் தொடும், இன்னும் கொஞ்சம் அதிர்ந்தால் விடும். பதினெட்டு வருஷம் அரபு மண்ணில் பிளக் செருகியே பிழைத்த மனிதரின் கைவேலை அது. அண்ணாச்சிதான் ஆரம்பித்தார்.

"உசிரோட இருக்குத ரெண்டு பேருக்கு மய்யத்துச் சேதி சொல்லி விட்டிருக்கீரே வே!"

முகைதீன் பிளக்கை அழுத்தினார். டக் என்றது. அவருக்கு வெட்கப்பட நேரமில்லை, மணி மூன்றரை, அஸருக்கு முன் ஆறும் ஓடியாக வேண்டும். ஆறு கார்டையும் வரிசையில் ஏற்றி, பிளக் பிளக்காக அழுத்திப் பார்த்து, ஸ்விட்சைப் போட்டார். விசிறிகள் ஒவ்வொன்றாகச் சிலிர்த்துக்கொண்டு சுற்றின. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது கொஞ்சம் யோசித்தது. ஐந்து. ஆறு! திரையில் ஆறு வரியும் பச்சையாக எரிந்தன. ஐந்து நிமிஷம் போனது. பத்து போனது. சர்வேயர் தன்னை அறியாமல் "ஸ்தோத்திரம்" என்றார். பள்ளியிலிருந்து அஸர் பாங்கு கேட்டது.

"பாங்கு சொல்லியாச்சு!" என்று முகைதீன் மாடியிலிருந்து கத்தினார். "பாத்திமா, எண்ணிக்கோ! இப்ப இருந்து!"

"எண்ணுதேன், எண்ணுதேன். எதுக்குக் கத்துதிய?"

அன்று இரவு எதுவும் நடக்கவில்லை. ஆகவே வரலாற்றில் அதற்கு இடமில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்குத்தான் முகைதீனுக்கு அந்தப் பயங்கரம் உறைத்தது. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும். இன்று வரும் நாள். மத்தியானம் இரண்டு மணிக்குத் தாமிரபரணி தெருவுக்குள் நுழையும். நுழைந்த மறு விநாடி இருபத்து மூன்று வீட்டு மோட்டாரும் ஒருசேர உறுமும். தெருவின் வோல்டேஜ் அப்போது விழுகிற விழுகையில் டியூப்லைட்டே கண்ணை மூடிக்கொள்ளும். மிஷினுக்குக் கொடுத்திருந்த ஸ்டெபிலைசர் ஓரளவுக்குத் தாங்கும். அதற்குக் கீழே போனால் தானே அணைந்துவிடும். கீழே போகும் என்பதில் சந்தேகமே இல்லை. அவரே எத்தனை தடவை அந்த நேரத்தில் மோட்டார் போட்டிருக்கிறார்!

கீழே ஓடி வந்தார். பாத்திமா வீட்டில் இல்லை. மறுபடி மேலே ஓடினார். ஆறு விசிறியும் சுற்றிக்கொண்டிருந்தன. அடுப்படி போலக் கொதித்த அந்த அறையில், ஸ்டெபிலைசரின் முள்ளைப் பார்த்தபடி, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிறவர் மாதிரி நின்றார். மணி இரண்டு ஆனது. குழாய்க்குள் காற்று விக்கியது, பிறகு தண்ணீர் குதிக்கும் சத்தம். முகைதீன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஒன்றும் ஆகவில்லை. முள் இருநூற்று இருபத்தைந்தை விட்டு அசையவில்லை. தெருவில் ஒரு மோட்டார்கூடச் சத்தம் போடவில்லை. ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். வாசல் குழாய்களில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து குடத்திலும் வாளியிலும் பிடித்து, தூக்கித் தூக்கி உள்ளே கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். பாத்திமா நடுத்தெருவில் நின்று, ஊர்வலத்துக்குப் பாதுகாப்பு கொடுக்கிற போலீஸ்காரர் போல இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லாத்தா, அஸர் வரைக்குந்தானே?" என்று எதிர்வீட்டு நஸீமா கேட்டாள். அவள் புருஷனும் சவூதியில், ஜுபைலில் இருக்கிறான். ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. "இடுப்பு ஒடியுது எனக்கு."

"அஸர் வரைக்குந்தான். மெதுவாப் பேசு, மேல கேட்டுறப் போவுது."

"கேட்டா கேக்கட்டும். எங்க வீட்டு ஆளையும் இப்படி ஒரு மிஷினைக் காட்டி நிறுத்தி வைக்கணும்னு எனக்குத் தோணாமப் போச்சே." சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

முகைதீன் ஜன்னலைச் சத்தமில்லாமல் சாத்தினார். சற்று நேரத்தில் பாத்திமா டீயோடு மாடி ஏறி வந்தாள். முந்தானை நனைந்திருந்தது.

"தெருவுல மோட்டார் சத்தத்தையே காணுமே?" என்று கேட்டார்.

"எல்லார் வீட்டு மோட்டாரும் கெட்டுப்போச்சாம்."

"இருபத்து மூணுமா?"

"எனக்கென்ன தெரியும்? நீங்க மிஷினைப் பாருங்க."

முகைதீன் டீயை வாங்கிக்கொண்டு மிஷினைப் பார்த்தார். திரையின் ஆறு பச்சை வரியும் அவர் கண்ணுக்குக் கொஞ்ச நேரம் கலங்கலாகத் தெரிந்தன. அறையின் வெக்கையால் இருக்கலாம்.

மூன்றரைக்குத் தாஜ் முகம்மது தோல்பையோடு வந்தார். அவர் பின்னாலேயே அண்ணாச்சியும் சர்வேயரும், அவர்களுக்குப் பின்னால் தெருவில் பாதியும். மாடி அறையில் எட்டுப் பேருக்கு மேல் நிற்க முடியாததால் மீதிப் பேர் படிக்கட்டில் நின்றார்கள். மேலே நடப்பது படிப்படியாகக் கீழே அறிவிக்கப்பட்டது. அஸருக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. ஒரு விசிறி லேசாகக் கரகரத்தது. முகைதீன் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

பாங்கு கேட்டது. பாத்திமா முன்னால் வந்து, ஒவ்வொரு விசிறிக்கும் நேரே விரலை நீட்டி, அவசரமே இல்லாமல் எண்ணினாள்.

"ஆறு," என்றாள்.

ஆறு என்று படிக்கட்டு சொன்னது. ஆறு என்று வாசல் கூவியது. அண்ணாச்சி சர்வேயரைக் கட்டிப்பிடித்தார். தாஜ் முகம்மது பையைத் திறப்பதா மூடுவதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். பாத்திமா அதற்குள் தம்மாமுக்குப் போன் போட்டிருந்தாள்.

"இர்ஷாத்து, மச்சான் வரல. விசாவை வேற ஆளுக்குக் குடுத்துரு."

"ஏன் லாத்தா? அங்கன என்ன வேலை கிடைச்சுட்டு?"

"கேட்டேன், எனக்கு வெளங்கல. மாடியில இருந்து பாக்குத வேலை."

அப்போது கீழே நஸீமாவின் குரல் தெரு முழுக்க ஒலித்தது. "அஸர் ஆயிட்டு! தண்ணி நிக்குததுக்குள்ள போடுங்கடி மோட்டாரை!"

இருபத்து மூன்று மோட்டாரும் ஒரே மூச்சில் உறுமின. விளக்கு மங்கியது. ஸ்டெபிலைசர் 'சடக்' என்று கைவிட்டது. ஆறு விசிறியும் பைய வேகம் குறைந்து, ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

"நின்னுட்டே!" என்றார் தாஜ் முகம்மது, பையில் கை வைத்தபடி.

"அஸர் தாண்டித்தானே நின்னுச்சு?" என்றாள் பாத்திமா. "நீங்க டீயைக் குடிச்சுட்டுக் கிளம்புங்க."

முகைதீன் இது எதையும் கேட்கவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டாண்டின் அடியில் தலையை விட்டிருந்தார். "அண்ணாச்சி, டார்ச்சை இப்படிப் பிடிங்க! சர்வேயர் சார், முள்ளு ஏறிட்டான்னு பாத்துச் சொல்லுங்க!" தாஜ் முகம்மது டம்ளரைக் கீழே வைத்தபோது நாலு விசிறி சுற்றத் தொடங்கியிருந்தது.